சத்தம் வராத இடது கால்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, பத்தாவதோடு நின்ற நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். அதுவும் என் காலைப் பற்றி. மன்னிக்க வேண்டும். வேறு யார் காலைப் பற்றியும் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

எண்பதுகளில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். இரண்டாவது பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த சில நாளில் என் இடது கால் தொடைவரை வீங்கியது. பிள்ளை பெற்ற உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார் நாத்தனார். காலையும் மாலையும் நல்லெண்ணெயைச் சூடுபண்ணி, கீழிருந்து மேலாக உருவிவிட்டார். நல்ல கைபலம் அவருக்கு. வலிக்கிறது என்று சொல்ல எனக்குக் கூச்சம்.

கால் செருப்பில் நுழையாமல் போன அன்று என் கணவர் டாக்ஸி வைத்துத் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நாத்தனாரும் வந்தார்.

டாக்டர் டிரான்சிஸ்டர் மாதிரி ஒரு பெட்டியும், அதில் மாட்டிய பேனா போன்ற குச்சியும் கொண்டுவந்தார். காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பினால், ரத்தம் ஓடுவது சத்தமாகக் கேட்குமாம். புடவையை உயர்த்தச் சொன்னார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேன்.

“இதுல திருச்சி ஸ்டேஷன் வருமாங்க?” என்றார் நாத்தனார்.

“பாட்டெல்லாம் வராதும்மா. கொஞ்சம் சும்மா இருங்க.”

வலது தொடையில் பசை தடவிக் குச்சியை வைத்தார். காற்றடிப்பது போல் கேட்டது. கெண்டைக்காலை அமுக்கியதும் சத்தம் பெருகியது. பிறகு இடது தொடை. ஒன்றுமில்லை. கெண்டைக்காலை மெதுவாக அமுக்கினார். அப்போதும் இல்லை.

“பேட்டரி தீந்துபோச்சு போல,” என்றார் நாத்தனார்.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு. உள்ள ரத்தம் கட்டி ஓட்டத்தை அடைச்சிருக்கு. காலை யாராச்சும் உருவினீங்களா?”

“நான்தாங்க. ரெண்டு வேளையும்!”

“அந்தக் கட்டி உடைஞ்சு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்தும்மா. இனிமே காலை யாரும் தொடக் கூடாது.”

நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையில் கைகளைத் துடைத்தார். கையில் எண்ணெய் இல்லை. ஆனாலும் வெகுநேரம் துடைத்தார்.

எனக்கு மருந்து ஏற்றினார்கள். நாத்தனார் ஸ்டூலைக் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்த்திக்கொண்டார். வீங்கிய காலைக் கட்டைவிரலால் அமுக்கிக் குழி விழுகிறதா என்று பார்க்காமல் போவது எங்கள் சொந்தக்காரர்களிடையே மரியாதை இல்லை. அன்று யாருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

“பாத்தாச்சுல்ல? ஆரஞ்சை வச்சிட்டுக் கிளம்புங்க,” என்று பார்க்க வந்தவர்களை அனுப்பிவைத்தார் நாத்தனார்.

என் கணவர் போர்வையைச் சரிசெய்யக் கை நீட்டினார். “டேய், கையை எடு,” என்றார் அவருடைய அக்கா.

மறுநாள் டாக்டர் பெட்டியோடு வந்தார். நாத்தனார் குறுக்கே நின்று, “தள்ளி நின்னு பாருங்க டாக்டர்,” என்றார். என் கணவர் அக்காவைக் காபிக்கு அழைத்துப்போன பிறகுதான் சோதனை நடந்தது. அன்றும் சத்தம் வரவில்லை.