எலுமிச்சம்பழமும் இரண்டு வயதும்

என் கைகள் ரொம்ப நீளம். பிறந்தபோதே அப்படித்தான் இருந்தனவாம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் உத்தியோகத்தில் மண்ணைப் போட்டது அந்த நீளம்தான்.

நான் சிறு பிள்ளையாய் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஜாதகம் கேட்கமாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டால் வயது வந்துவிட்டது என்று எழுதிக்கொள்வார்கள். எனக்கு நாலு வயது முடிந்த சமயம், எங்கள் பங்காளி தன் ஆறு வயதுப் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். அப்பாவுக்குப் பொறுக்குமா? என்னையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வாத்தியார் காதைத் தொடச் சொன்னார். விரல் மயிரிழையில் எட்டவில்லை. பின்னால் நின்ற அப்பா என் தலையை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்துவிட்டார். தொட்டுவிட்டேன்.

"அடேயப்பா, கை என்னா நீளம்!" என்று சொல்லிவிட்டு, வாத்தியார் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆறு வயது என்று ஒரே மூச்சில் எழுதினார். பங்காளி மகனுக்கு என் மகன் இளைத்தவனில்லை என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

அப்பா தேடித் தந்த அந்த இரண்டு வயது, பத்தொன்பது வருஷம் கழித்து என் கழுத்தைப் பிடித்தது. எங்கள் ஊர் ஆலங்குடிக்கும் திருவரங்குளத்துக்கும் நடுவில். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்துவிட்டு, வேலை தேடிப் புதுக்கோட்டைக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தேன். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி. சமஸ்தான உத்தியோகத்தில் இருபத்தைந்து வயதுக்குள் நுழைந்துவிட வேண்டும். தாண்டினால் வாசல் அடைப்பு. சர்டிபிகேட்டின்படி எனக்கு வருகிற தை மாதம் இருபத்தைந்து முடிகிறது. நிஜத்தில் இருபத்து மூன்றுதான். நிஜத்தை யார் கேட்டார்கள்?

ஓர் ஆபீஸில் ஒரு டைப்பிஸ்ட் இடம் காலி என்று தெரிந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். அங்கே எல்லாம் ஹெட்கிளார்க் கையில். பெரிய மனிதர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது, ஓர் எலுமிச்சம்பழமாவது கொடுத்துக் கும்பிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொல்லையில் மரம் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு பழம் பறித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். எனக்கு முன்னால் வந்த வேலையில்லாதவர்களின் பழங்கள் அவர் மேஜையில் ஏற்கெனவே குவிந்து கிடக்கும். சாயங்காலம் பியூன் அவற்றைப் பையில் கட்டி அவர் வீட்டுக்குக் கொண்டுபோவான். புதுக்கோட்டையில் வேலையற்றவர்கள் இருக்கிற வரைக்கும் அந்த வீட்டில் ஊறுகாய்க்குப் பஞ்சமில்லை.

"வயசு போறதுக்குள்ள ஆர்டர் வந்துரும் தம்பி. நீங்க விரலை மட்டும் மறந்துறாதீங்க. வேகம் கொறைஞ்சுபோச்சுன்னா அப்பறம் என்னையக் கொறை சொல்லக் கூடாது" என்பார் ஹெட்கிளார்க்.

நம்பினேன். வீட்டில் உட்காரும் மணைப்பலகையில் சாக்கட்டியால் டைப்ரைட்டர் எழுத்துகளை வரிசையாக எழுதி, காலையும் மாலையும் அதைத் தட்டினேன். "ஏப்பா, சோறு திங்க வாரியா, இல்ல அந்தப் பலகையவே திங்கப்போறியா?" என்று ஆத்தா சத்தம் போடுவாள். ஒருநாள் வீட்டுக்கு வந்த மாமாவுக்கு அதே பலகையைப் போட்டுவிட்டாள். மனிதர் சாப்பிட்டு எழுந்து, வேட்டியின் பின்பக்கம் இங்கிலீஷ் எழுத்துகளைச் சுமந்துகொண்டு ஆலங்குடிச் சந்தை முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார். அதன் பிறகு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

இருந்தது ஒரே ஒரு நல்ல சட்டை. கசங்கிவிடும் என்று பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காரமாட்டேன். "ஒக்காருங்க தம்பி, பொண்ணு பாக்கவா போறீங்க?" என்று கண்டக்டர் கேட்பார். பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்பேன்.

ஆடி மாதம் ஹெட்கிளார்க்குக்கு என்மேல் திடீரென்று அன்பு பொங்கியது. "வீட்டுல பலகையத் தட்டி என்ன ஆகப்போகுது? மெஷின் சும்மாத்தான கெடக்கு. இங்கிட்டு ஒக்காந்து இந்த நாலு பக்கத்தை அடிச்சுப் பழகுங்க" என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்றிலிருந்து வெள்ளிதோறும் பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, மத்தியானம் வரை அடிப்பேன். நாலு பக்கம் பத்தாகி, பத்து இருபதாயிற்று.

மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் அதே ஆடியில் ஒரு புது ஆள் வந்து உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நான் அடிப்பதையே வேடிக்கை பார்ப்பார். அவரும் என்னைப்போல் வேலைக்கு நடக்கிறவர் என்று நினைத்தேன். பாவம், டைப்பே தெரியாமல் எப்படிப் பிழைப்பார் என்று எனக்கு இரக்கம் வேறு.

"வேணும்னா நான் சொல்லித் தரேங்க" என்றேன் ஒருநாள்.

"அதெல்லாம் எதுக்குங்க? அதான் நீங்க இருக்கீங்கள்ல" என்று சிரித்தார். எவ்வளவு பணிவான மனிதர் என்று வீட்டில் வந்து சொன்னேன். அட முட்டாளே!

மார்கழியின் கடைசி வெள்ளி. வயது போக இன்னும் பதினைந்தே நாள். அன்று அடிக்கக் கொடுத்தது அந்த ஆபீஸ் சிப்பந்திகளின் பட்டியல்: பெயர், வேலை, சேர்ந்த மாதம். மேலேயிருந்து மளமளவென்று அடித்துக்கொண்டே வந்தேன். ஆறாவது வரியில் டைப்பிஸ்ட். எதிரே பக்கத்து நாற்காலிக்காரர் பெயர். சேர்ந்தது ஆடி மாதம். விரல்கள் பழக்கத்தில் அடித்துவிட்டன. அப்புறம்தான் அடித்ததைப் படித்தேன்.

எழுந்து ஹெட்கிளார்க் முன்னால் போய் நின்றேன். "ஐயா, அந்த எடம்…" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஆடியிலயே நெரம்பிருச்சு தம்பி. நம்ம தங்கச்சி மாப்பிள்ளைதான். சொன்னா மனசு ஒடைஞ்சுபோவீங்களேன்னு சொல்லலை. ஆனா ஒண்ணு பாருங்க, அன்னிக்கு இருந்ததுக்கு இப்ப ஒங்க வேகம் எம்புட்டுக் கூடியிருக்கு!"

"பதினஞ்சு நாள்ல எனக்கு வயசு போயிருங்க."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? ஒங்கப்பா கொஞ்சம் பொறுத்துப் பள்ளிக்கூடத்துல போட்டிருக்கலாம்." காதைத் தொட்ட கதையை அவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன்.

அவரைக் கிழிகிழியென்று கிழிக்கவேண்டும் போல் இருந்தது. காலையில் நான் வைத்த பழம் மேஜையின் அந்தக் கோடியில், அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அகலமான மேஜை. கையை நீட்டினேன். எட்டியது. இந்தத் தடவை யாரும் என் தலையைச் சாய்த்துவிட வேண்டியிருக்கவில்லை.

பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். ஹெட்கிளார்க் வாயைப் பிளந்தபடி இருந்தார். பாதிப் பட்டியலோடு காகிதம் மெஷினிலேயே நின்றது. தங்கச்சி மாப்பிள்ளை அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, மிச்சத்தை யாரு அடிக்கிறது?" என்றார்.

"நீங்கதான். விரல் மறந்துறக் கூடாதுல்ல" என்றேன்.

பஸ்ஸில் இடம் இருந்தது. அன்றைக்கு உட்கார்ந்தேன். திருவரங்குளம் தாண்டும்வரை, கசங்கின சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். கண்டக்டர் டிக்கெட்டை மட்டும் என் கையில் வைத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.