மாடிக்குத் துணை

மேற்கே மலை மறைந்து, தென்காசிக் காற்றில் ஈரம் ஏறியதும் ஓசூரிலிருந்து எனக்கு அழைப்பு வந்துவிடும். அம்மாவின் தங்கை, என் சித்தி. நலமா என்று கேட்க மாட்டாள். "ஏட்டி, சாரல் விழுந்துட்டா? அருவியில தண்ணி வருதா?" என்றுதான் ஆரம்பிப்பாள். நான் இப்போது குத்துக்கல்வலசையில் குடியிருக்கிறேன். குற்றாலம் கூப்பிடு தூரம். ஞாயிற்றுக்கிழமை பேரருவிக்குப் போய், பெண்கள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனை அருவியை நோக்கி நீட்டுவேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் சித்தி கேட்டுக்கொண்டிருப்பாள். "போதும்ட்டி, போன் நனைஞ்சு கெட்டுப் போவும்" என்பாள். சொல்வாளே தவிர, அவளாக வைக்க மாட்டாள்.

இவ்வளவு ஆசை இருக்கிறவள் ஒரு பஸ் ஏறி வந்துவிட வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஒவ்வொரு சாரலுக்கும் கூப்பிடுகிறேன். அவள் வந்ததில்லை.

அவள் கடைசியாகக் குற்றாலத்தில் குளித்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். சீசன் வந்தால் அந்தக் காலத்தில் எங்கள் குடும்பத்துக்கு வீடு வாசல் எல்லாம் மறந்துபோகும். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் வைத்திருந்தார். ஊர்ப்பட்ட ஜனம் ரூம் கிடைக்காமல் வேனுக்குள் சுருண்டு கிடக்கிற நாட்களில், கீழ்த்தளத்தின் பின்பக்கம் முழுவதையும் சொந்தக்காரர்களுக்கென்று விட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் தென்காசியிலிருந்து நாங்கள் கிளம்பிவிடுவோம். வாசுதேவநல்லூரிலிருந்து அத்தையும் மாமாவும் பிள்ளைகளோடு வந்துவிடுவார்கள். ஞாயிறு சாயங்காலம் வரை குளிப்பதும் தின்பதும்தான் வேலை.

அப்பாவுக்கு வேலை கிடைத்தது பெரியப்பா சொல்லித்தான். அத்தையின் கல்யாணத்தை முன்னின்று நடத்தியது அவர். மாமா கடை போட இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர். கோயில் திருவிழாவில் அவர் பெயரில் ஒருநாள் மண்டகப்படி நடக்கும். அருவியில் வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும், இன்னார் வீட்டுப் பெண்கள் என்று தெரிந்தால் காவலுக்கு நிற்கிறவர் கயிற்றைத் தூக்கி எங்களை உள்ளே விடுவார். அதனால் அருவியும் பெரியப்பாவுடையது என்றே நான் நம்பியிருந்தேன். ஒருநாள் தண்ணீர் குறைவாக விழுந்தபோது, பெரியப்பாவிடம் சொல்லிக் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லலாமே என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நம்பினார்கள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சித்தி எங்கள் வீட்டில் தங்கி ஆசிரியர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குச் சத்தமே வந்தது. கதவைச் சாத்தினால் சத்தம், பாத்திரத்தை வைத்தால் சத்தம், சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அருவிக்கு அவளோடு போவதுதான் போவது. அம்மாவும் அத்தையும் ஓரத்தில் நின்று தலையை மட்டும் நனைப்பார்கள். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து நடு அருவிக்கு இழுத்துக்கொண்டு போவாள். தலையில் தண்ணீர் இடிக்கும், மூச்சு முட்டும். "கத்துட்டி! யாரை வேணும்னாலும் திட்டு. இங்கன ஒரு பயலுக்கும் கேக்காது!" என்று என் காதுக்குள் சொல்வாள். நான் கணக்கு டீச்சரைப் பெயர் சொல்லித் திட்டுவேன். அவளும் ஏதோ கத்துவாள். வெளியே வந்ததும் இருவரும் ஒன்றும் தெரியாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொள்வோம். அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை நான் இன்னும் தேடுகிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேரோடு அருவிக்குப் போயிருக்கிறேன். நடு அருவிக்கு யாரும் கூட்டிப் போனதில்லை.

பெரியப்பாவின் அறை மாடியில். காலையில் எண்ணெய் தேய்ப்பவர் வந்து உடம்பைப் பிடித்துவிட்டுப் போவார். பிறகு குளியல். குளித்து வந்ததும் சுக்குக் காப்பி வேண்டும். லாட்ஜில் காப்பி கொண்டுபோக ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் சீசனில் குடும்பத்துப் பெண்கள் கையால் குடித்தால்தான் அவருக்குக் குடித்த மாதிரி இருக்கும். அவர் பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று அதற்கென்றே தனியாக இருந்தது. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டாள். அத்தைக்கு எப்போதும் கை வேலையாக இருக்கும். அம்மா அடுப்பில் நிற்பாள். ஆகவே காப்பி சித்தியின் பொறுப்பாயிற்று.

சித்தி டம்ளரை எடுத்ததும் அம்மா என்னைக் கூப்பிடுவாள். "ஏட்டி, சித்தி மாடிக்குப் போறா. துணைக்குப் போ." அது வெறும் வாய்வார்த்தை இல்லை, எனக்குத் தனியாகச் சில உத்தரவுகள் உண்டு. சித்தியின் துப்பட்டா முனையை விடக் கூடாது. அறைக் கதவு முழுசாகத் திறந்திருக்க வேண்டும். பெரியப்பா எதற்கு அனுப்பினாலும் சித்தியோடு சேர்ந்துதான் கீழே வர வேண்டும். மாமா பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, என்னை மட்டும் தேர்ந்தெடுத்து இப்படி ஒரு வேலையைக் கொடுத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னட்டி, மேனேஜரும் வந்தாச்சா?" என்பார் பெரியப்பா. நல்ல கணீரென்ற குரல். முந்திரிப் பருப்பு தருவார். பிறகு, "கீழ போயி வெத்தலை வாங்கிட்டு வா" என்பார். "சித்தி வந்தாத்தான் போவேன்" என்று நான் தூணைப் போல நிற்பேன். அவர் சிரிப்பார். சிரிப்பு நின்ற பிறகும் என்னையே பார்ப்பார். கீழே வந்து இதைச் சொன்னால் அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "கெட்டிக்காரி" என்பாள். அம்மா என் தட்டில் இன்னொரு தோசை போடுவாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. பெரியம்மா தன் முழங்காலையும் பொருட்படுத்தாமல் குடையோடு வந்து என் கையைப் பிடித்தாள். "வாட்டி, மங்குஸ்தான் வாங்கித் தாரேன்." பெரியம்மா கடைக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "காப்பி நேரமாச்சே அக்கா, பிள்ளை இங்கன இருக்கட்டுமே" என்றாள். "அவ ஒரு பழம் திங்கக் கூடாதா?" என்றாள் பெரியம்மா. அம்மா அடுப்புக்குத் திரும்பிவிட்டாள். பெரியம்மா பேச்சை மறுத்துப் பேச எங்கள் வீட்டில் ஆள் கிடையாது.

கடையில் பெரியம்மா ஒவ்வொரு பழமாக எடுத்து அமுக்கிப் பார்த்தாள். கடைக்காரரை ஒரு பழம் உடைக்கச் சொன்னாள். இன்னொன்று உடைக்கச் சொன்னாள். வெள்ளைச் சுளைகளை என் வாயில் ஊட்டினாள். நான் அதுவரை அத்தனை மங்குஸ்தான் தின்றதில்லை. போகலாமா என்று நான் கேட்டபோதெல்லாம், "இரு, மழை விடட்டும்" என்றாள். சாரல் எந்தக் காலத்தில் விட்டிருக்கிறது? அவள் கண் அடிக்கடி லாட்ஜின் மாடி ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்தது. பெரியம்மா என்னிடம் பிரியமாக இருந்தவள். எனக்குக் காது குத்தியது அவள் மடியில் வைத்துத்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது, நிஜமாகவே பழம் வாங்கித் தரத்தான் கூட்டிப் போனாள் என்று நம்ப எனக்கு ஆசை. அந்த ஜன்னலை அவள் பார்த்த பார்வைதான் நம்ப விடமாட்டேன் என்கிறது.

திரும்பி வந்தபோது மாடிப்படியின் அடியில் அந்த டம்ளர் கிடந்தது. கீழ்ப் படிகளில் அங்கங்கே காப்பிச் சொட்டு. மேலேயிருந்து உருண்டு வந்திருக்க வேண்டும். கூடத்தில் அப்பா, மாமா, அத்தை, ரூம் சாவி வாங்க வந்து போகிற ஆட்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். அத்தை துணிக்கூடையோடு வந்தவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டு போனாள். மாமா காலைத் தூக்கித் தாண்டினார். லாட்ஜ் மேனேஜர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். பெரியப்பாவின் பெயர் பொறித்த டம்ளர் தரையில் கிடப்பதாவது என்று நான்தான் எடுத்துக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை வாங்கிக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

சித்தி பின்பக்கம் ஈரத்துணி காயப்போடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் சுடிதாரின் தோள்பட்டை கிழிந்திருந்தது. அவளுக்கென்று வாங்கி வந்த மங்குஸ்தானை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், உடைக்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் வரிசையாக உட்கார, இலை போட்டாயிற்று. பெரியப்பா வேறு சட்டை மாற்றிக்கொண்டு இறங்கி வந்து நடுவில் உட்கார்ந்தார். அவர் கழுத்தோரம் சிவந்திருந்தது. சித்தி வந்து எதிரே நின்றாள். அக்காள் வீட்டுக்காரரின் அண்ணன் என்பதால் அவரை அவள் பெரியத்தான் என்பாள். அந்த நேரத்திலும் மரியாதை விட்டுப்போகவில்லை.

"பெரியத்தான் மாடியில எங்கிட்ட தப்பா நடந்தாங்க. கதவைச் சாத்திட்டு என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. காப்பிய அவங்க மேல ஊத்திட்டுத்தான் ஓடி வந்தேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. மாமா சாம்பாரைப் பிசைந்தார். "சின்னப் பிள்ளைய வச்சிக்கிட்டு என்ன பேச்சு இது?" என்றாள் அத்தை. சின்னப் பிள்ளை என்றது என்னைத்தான். "எல்லாம் அப்புறமா பேசிக்கிடலாம், முதல்ல உக்காந்து சாப்பிடு" என்றார் அப்பா, இலையைப் பார்த்துக்கொண்டே. பெரியப்பா நிதானமாக மோர் வாங்கிக்கொண்டார். "பிள்ளைக்கு உடம்பு சரியில்ல போல. சாரல்ல ரொம்ப நனைஞ்சுட்டா. வெந்நி வச்சுக் குடுங்க" என்றார். பெரியம்மா உடனே எழுந்து வெந்நீர் வைக்கப் போனாள். சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றாள். அவள் உதடு அசைந்தது. பிறகு குனிந்து என் இலையில் சோற்றை வைத்தாள். நான் கேட்கவே இல்லை.

அருவிக்குள் கத்தினால் ஒரு பயலுக்கும் கேட்காது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் சித்தி. அந்தக் கூடத்தில் அருவி ஒன்றும் விழவில்லை. அவள் கத்தவும் இல்லை, தெளிவாகத்தான் சொன்னாள்.

பெரியப்பா போன வருஷம் காலமானார். தென்காசி முழுக்க சுவரொட்டி. எல்லாவற்றிலும் வள்ளல் என்று போட்டிருந்தார்கள். அத்தை அழுது மயங்கியே விழுந்துவிட்டாள். இனிமேலாவது வருவாள் என்ற நப்பாசையில் நான் அன்றைக்கே ஓசூருக்குப் பேசினேன். "அவரு போயிட்டாரு, சரி. மத்தவங்க எல்லாரும் இருக்காங்கல்லா?" என்றாள் சித்தி. பிறகு வழக்கம்போல, அருவியில் தண்ணீர் எப்படி என்று கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்த நேரத்தில் சித்தி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னாளாம். தடுக்க யாரும் எழுந்து வரவில்லை. அம்மா பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் சாரலில் கேட் வரைக்கும் ஓடினேன். சித்தி தனியாகப் போகிறாள் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. தனியாகப் போகிற சித்திக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

"சித்தி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துணைக்கு வரட்டா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். கிழிசல் தெரியாமல் போர்த்தியிருந்த துப்பட்டாவை எடுத்து என் தலையைத் துவட்டினாள். அப்போதுதான் அழுதாள்.

"நீ வேண்டாம்ட்டி. இங்கன ஒங்க அம்மைக்குத் துணைக்கு இரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு எதற்குத் துணை? அப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார், வீடு கொள்ளாத ஆட்கள் இருக்கிறார்கள். சித்தி அழுகையில் ஏதோ மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எண்ணெய் தேய்ப்பவர் வந்துவிட்டுப் போனார். அம்மா சுக்குக் காப்பி போட்டு, அந்த டம்ளரில் ஊற்றி, கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். படியில் கால் வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சித்தி பிடித்ததைவிட அழுத்தமாக, என் வளையல் சதையில் பதிகிற மாதிரி. படியெல்லாம் சாரல் ஈரம். நான் வழுக்கிவிடப் போகிறேன் என்றுதான் பயப்படுகிறாள் என்று நினைத்து, "நான் விழ மாட்டேம்மா, பயப்படாத" என்று அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே ஏறினேன்.