மஞ்சள் டப்பாவில் வைத்த தந்தி

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். பட்டாளம், சண்டை என்று எழுத உனக்கென்ன தெரியும் என்று கேட்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்கு நான் செய்ததை வேறு யாரும் எழுதப்போவதில்லை.

தொண்ணூற்றொன்பதில், வடக்கே சண்டை மூளப்போகிறது என்று எங்கும் பேச்சு. அன்னூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே பேக்கரி. பேப்பரில் வந்த ஒரு பட்டியலை வெட்டி, பப்ஸ் வைக்கிற கண்ணாடிப் பெட்டிமேல் ஒட்டியிருந்தார்கள். நமக்கு டாங்கி எத்தனை, அவர்களுக்கு எத்தனை, விமானம் எத்தனை, ஆள் எத்தனை. டீ குடிக்க வருகிறவர்கள் அதை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி படித்தார்கள்.

பட்டாளத்திலிருந்த தம்பி தன் கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்தான். அவனைக் கண்டால் விட மாட்டார்கள்.

"ஏனுங்க மாப்ள, டாங்கி நம்முளுதுதான அதிகம். ரெண்டு நாள்ல முடிச்சுப்போடலாமுங்களா?"

"டாங்கி மலை ஏறாதுங்க. நாங்கதான் ஏறோணும்."

"அவனுக்கு ஆள் கம்மிதானுங்களே?"

"மேல நிக்கறவனுக்குக் கம்மி ஆள் போதுமுங்க."

சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, அவன் அங்கே அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் தந்தி வந்தது. வீட்டில் முகூர்த்தக்கால் நட்டாகிவிட்டது. தந்திக்காரர் பந்தலுக்கு வெளியிலேயே சைக்கிளை நிறுத்தினார்.

"உள்ள வரவே சங்கடமா இருக்குதுங்க அம்மணி. என்ன சேதின்னு எனக்குந் தெரியாதுங்க."

எங்கள் ஊரில் தந்தி என்றால் சாவு. கோபியில் பெரியப்பா படுக்கையில் கிடந்தார். பங்காளி வீட்டுச் சாவு காதில் விழுந்தால் தீட்டு, கல்யாணம் நின்றுவிடும். பிரிக்காத தந்திக்குத் தீட்டு கிடையாது என்று நானே முடிவுசெய்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கி, மேலே யார் பெயர் என்றுகூடப் பார்க்காமல் மஞ்சள்பொடி டப்பாவுக்குள் வைத்து மூடினேன். மாப்பிள்ளைக்கு அக்கா நான். உடன்பிறந்தவள் செய்கிற இணைச்சீர்ச் சடங்கு என்னுடையது. புதுச்சேலை கட்டி அதையும் செய்தேன்.

தாலி கட்டியான பிறகு கோபி சொந்தக்காரர் ஒருவர் பந்தியில் உட்கார்ந்து, பெரியப்பா காலையில் கஞ்சி குடித்தார் என்றார். அப்படியானால் தந்தி யாருக்கு?

தம்பியிடம் எடுத்துப்போய்க் கொடுத்தேன். மாலையைக் கழற்றாமலே படித்தான். லீவு ரத்து, உடனே வந்து சேரவும்.

"எப்பங்கக்கா வந்துச்சு?"

"முந்தாநேத்து. பெரியப்பாவுக்கு ஏதோன்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு."

"பிரிச்சாவது பாத்திருக்கலாமுங்க" என்றான்.

சாயங்காலம் பேக்கரிக்குப் பக்கத்து பூத்தில், கோவை ஸ்டேஷனில் ரயில் எத்தனை மணிக்கென்று போன் போட்டுக் கேட்டான். அதற்குள் தந்தி விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

"தந்தியக் கையில வெச்சுக்கிட்டே தாலி கட்டிப்போட்டாரு, கெட்டிக்காரருங்க நம்ம மாப்ள."

"அந்தப் பட்டியல்ல நம்ம பக்கம் ஒரு ஆளக் கொறச்சு எழுதுங்க."

தம்பி கேட்டுக்கொண்டே நின்றான். அக்காதான் ஒளித்துவைத்தாள் என்று சொல்லவில்லை. நான் எங்கள் வாசலில் நின்றேன். ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை ஆண்கள் நடுவே எப்படிப் போவது என்று தோன்றியது. போகவில்லை.

அவன் உயிரோடு திரும்பினான். தாமதமாகச் சேர்ந்ததற்கு அவன் பட்டாளத்துப் பதிவேட்டில் சிவப்பு மையில் குறிப்பு எழுதிவிட்டார்கள். பதவி உயர்வு வரவில்லை. டாங்கிகளை எண்ணியவர்கள் அதைக் கேட்டு, "அன்னிக்கே தெரியுமுங்க" என்றார்கள். இன்றுவரை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையே அவன் ரயில் ஏறியிருந்தான். பத்து மணிக்குப் பந்தல்காரர்கள் வந்து பந்தலைப் பிரித்தார்கள்.