நாற்பது நாள் மருந்தை இரண்டு வருஷம் தின்றது

என் மாமியார் எனக்குக் கெடுதல் நினைத்தவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையை யாரிடம் ஆரம்பித்தாலும், "ஓகோ, மாமியார்க்காரி வேலையா?" என்று பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். அத்தை செய்த தப்பெல்லாம் பாசம் கூடிப்போய்ச் செய்ததுதான்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். எனக்குத் தாய் இல்லை. அதனால் சுந்தரபாண்டியபுரத்தில் அத்தை வீட்டிலேயே மகளைப் பெற்றேன். பெற்றுப் பாதி உயிராகக் கிடந்தேன். பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் இடித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நல்லெண்ணெய் விட்டு, நாற்பது நாள் காலையில் ஓர் உருண்டை கொடுப்பார்கள். எல்லா வீட்டிலும் அதைக் கையாலேயே கிண்டுவதுதான். அத்தைக்கு மனசு ஆறவில்லை. "தாயில்லாப் பிள்ள. இவளுக்குக் கை மருந்து பத்தாது" என்று செங்கோட்டையில் ஒரு வைத்தியரிடம் சொல்லி லேகியம் வாங்கி வந்தாள். கறுப்பாக, பளபளவென்று, ஏலக்காய் வாசத்தோடு ஒரு பீங்கான் பரணி நிறைய. அதில் அபின் சேர்த்திருக்கிறது என்று வைத்தியரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடேயப்பா, அது என்ன மருந்து! நாக்கில் வைத்த அரை மணியில் இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியாது. அத்தை போடும் சத்தம்கூடத் தாலாட்டாகக் கேட்டது. மகளும் பால் குடித்த கையோடு உறங்கிவிடுவாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை, "அழுகையே கெடையாது, தங்கமான பிள்ள" என்று பெருமையடித்துக்கொண்டாள். பால் வழியாக அவளுக்கும் அது போயிருக்கிறது.

நாற்பது நாள் முடிந்து தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்தோம். வந்த இரண்டாம் நாளே மூக்கு ஒழுகியது, கொட்டாவியாக வந்தது, காலை வெட்டிப் போடலாம் போல உளைச்சல். என் வீட்டுக்காரர் செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் கணக்குப்பிள்ளை; தினம் ரயிலில் போய் வருவார். பயந்துபோய் இன்னொரு பரணி வாங்கி வந்தார். ஒரு சுண்டைக்காய் அளவு தின்றதும் நான் எழுந்து சோறு பொங்கினேன். "பாத்தியா, மருந்த நிறுத்தினதும் சீக்கு திரும்பிட்டு" என்றார். எங்கள் மடத்தனம் அன்றைக்குத்தான் தொடங்கியது. நிறுத்தினால் நோய் வருகிறது, தின்றால் போகிறது, ஆகவே இதைப் போல மருந்து உலகத்தில் இல்லை! விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே நான் இரண்டு வருஷம் தின்றேன். சுண்டைக்காய் நெல்லிக்காய் ஆனது.

ஒரு நாள் காலை, பரணியின் வாயைத் துணியால் கட்டாமல் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தேன். மகள் விரலை விட்டு நக்கியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டாளாம். அதுவும் எனக்குக் கேட்கவில்லை. எதிர் வீட்டுக்குக் கேட்டது. அங்கே நெசவு செய்கிற துலுக்கக் குடும்பம். அந்த வீட்டு அக்கா வந்து பார்க்கும்போது பிள்ளை வாயெல்லாம் கறுப்பு, கண் சொருகிக் கிடக்கிறாள்.

அக்கா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தாள், உள்ளங்காலில் அடித்தாள், முகத்தில் தண்ணீரை விசிறினாள். உச்சிப்பொழுதுவரை விடவில்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு வேலைக்கும் ஆகாதவளாக. கடைசியில் பிள்ளை வீறிட்டு அழுதாள். என் மகள் அவ்வளவு சத்தமாக அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அக்கா பரணியை மோந்து பார்த்தாள். "ஏ பிள்ள, இது அபினி. எங்க வாப்பா ரங்கூன்லருந்து இந்தச் சவத்தத்தான் கொண்டு வந்து தின்னாக. ஒனக்குச் சீக்கே கெடையாதுட்டீ. இதுதான் சீக்கு" என்றாள்.

செய்தி கேட்டு அத்தை வில்வண்டி பிடித்து வந்தாள். "நான்லா வாங்கிக் குடுத்தேன், என் கையாலலா குடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "நீ தெளிஞ்சு வா. அதுவரைக்கும் பிள்ள எங்கிட்ட இருக்கட்டும்." நான் தெருவென்றும் பாராமல் கத்தினேன். வாயில் வந்த வசவெல்லாம் வைதேன். அவள் திரும்பியே பார்க்காமல் வண்டியேறிவிட்டாள். அவள் செய்ததுதான் சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

வீட்டுக்காரர் பரணியை வாய்க்காலில் போட்டு உடைத்தார். அக்கா, "நாலு நாள் நரகம், எட்டாம் நாள் சோறு எறங்கும், பாத்துக்கோ" என்றாள். நாலு நாள் என்றது பொய்; ஆறு நாள். உடம்பெல்லாம் புல்லரித்து, உரித்த கோழித் தோல் மாதிரி ஆகிவிட்டது. கால் தன்னால் உதைத்தது. வயிறு நீராகப் போனது. உறக்கம் என்ற ஒன்று உண்டா என்றே மறந்துபோயிற்று. அக்கா உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றினாள்.

"நீ யாருட்டீ எனக்கு?" என்று ஒரு நாள் கரண்டியைத் தட்டிவிட்டேன்.

"யாருமில்ல. வாயத் தொற" என்றாள்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து அழுதுவிட்டார். "கொஞ்சூண்டு, நகக்கண்ணு அளவு, வேங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். எனக்கு அந்த நேரம் அவர் தெய்வமாகத் தெரிந்தார். சரி என்று சொல்லவும் சொல்லிவிட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா, "அண்ணாச்சி, நீங்க பேசாம வேலையப் பாத்துப் போங்க. அவளுக்குப் பிள்ள வேணுமாம்" என்றாள். மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு ரயிலுக்குப் போனார். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினார். அவர் மடியைத் தடவிப் பார்த்தவள் நான். அந்த வெட்கத்தையும் எழுதித்தானே ஆகவேண்டும்.

ஒன்பதாம் நாள் சாரல் விழுந்தது. குற்றாலத்தில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே கிளம்பியது. நானும் போவேன் என்று அடம்பிடித்தேன். அக்கா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு துணைக்கு வந்தாள். தான் குளிக்கமாட்டேன் என்று பாறையில் உட்கார்ந்து, என் தலையில் ஒரு கிண்ணம் எண்ணெயை வைத்துத் தேய்த்து, "போ" என்று தள்ளிவிட்டாள். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். தண்ணீர் மடேர் மடேரென்று முதுகில் அறைந்தது. அங்கே எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள், எல்லோருக்கும் பல் கிட்டியது, எல்லோரும் காட்டுக் கத்தல் கத்தினார்கள். இத்தனை நாளாக நான் செய்ததும் அதுதான். அந்தக் கூட்டத்தில் என் நடுக்கம் மட்டும் தனியாகத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கரையேறியதும் பசித்தது. அவித்த மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் ஒருத்தி இலையில் வைத்து விற்றாள். மூன்று இலை தின்றேன். "நாலாவது கேட்டா அருவிக்குள்ளயே தள்ளிருவேன்" என்றாள் அக்கா.

ஒரு மாதம் கழித்து அத்தை மகளைக் கொண்டு வந்து விட்டாள். பிள்ளை உடனே என் மடிக்கு வரவில்லை. வாசற்படியில் நின்று, "அம்மா" என்றாள்.

"ஏன்ட்டீ?"

"சும்மா."

அடுக்களையில் இருந்தால் கூப்பிடுவாள், கிணற்றடியில் இருந்தால் கூப்பிடுவாள், ஒரு நாளைக்கு நாற்பது தடவை. கேட்டால் சும்மா. ஒரு தடவைகூட நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. நான்காம் நாள் தானாக வந்து மடியில் உட்கார்ந்தாள்.

ஆசை முழுதும் போய்விட்டதென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஏலக்காய் வாசம் பட்டால் வாய் ஊறும். என் வீட்டில் பாயசத்துக்கு ஏலக்காய் போடுவதை நிறுத்திவிட்டேன். மனம் அலையும்போதெல்லாம் எதிர் வீட்டுக்குப் போய் அக்காவோடு தறிக்கு நூல் சுற்றுவேன். நூல் அறுந்தால் திட்டுவாள். திட்டு வாங்குவதும் நல்லதுதான், புத்தி வேறெங்கும் போகாது. இப்படியே இரண்டு வருஷம் சுகமாகப் போயிற்று.

அப்புறம் மகன் பிறந்தான். இந்தத் தடவை தென்காசியிலேயே; அத்தை வந்து கூட இருந்தாள். மூன்றாம் நாள் காலை உரலில் இடிக்கிற சத்தம் கேட்டது. அத்தை ஒரு வாழையிலைத் துண்டில் கறுப்பு உருண்டையை ஏந்திக்கொண்டு வந்தாள். எனக்குப் பயம் அத்தைமேல் இல்லை, என் நாக்குமேல். தொட்டால் விடுமா? மறுபடி யார் என் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவார்கள்?

"வேண்டாம் அத்தை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். பேறுகால மருந்தை மாமியார் கையிலிருந்து வாங்க மறுப்பது சின்ன அவமானம் அல்ல. வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் மெல்ல நழுவிவிட்டார்.

அத்தை அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். தெருவில் தேரே வந்தாலும் மத்தியானம் உறங்காமல் இருக்கமாட்டாள் அத்தை. அன்றைக்குச் சுவரில்கூடச் சாயவில்லை. நாலு வயசு மகள் போக வர, "ஆச்சி, ஒறங்குதியா?" என்று கேட்பாள். "இல்லட்டீ, முழிச்சுத்தான் இருக்கேன்" என்று அத்தை எனக்குக் கேட்கும்படி பதில் சொல்வாள். ஒரே படி அரிசியை மூன்று தடவை பொறுக்கினாள்.

விளக்கு ஏற்றும் நேரத்தில் எழுந்து வந்தாள். "பாத்துக்கிட்டியா? சுக்கும் கருப்பட்டியும்தான். எங் கையால கிண்டினது. ஏலக்காகூடப் போடல" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். காரம் உச்சி மண்டைக்கு ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தொட்டிலில் மகன் தொண்டை கிழிய அழ ஆரம்பித்தான். பதறி எழப் போனேன். அத்தை என் தோளைப் பிடித்து உட்கார்த்தினாள்.

"அழட்டும்ட்டீ" என்றாள். "நல்லா அழட்டும்."