சனிக்கிழமை எடுத்த கட்டி

என் மனைவியின் இடது அக்குளில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. தி. நகரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சனிக்கிழமை பகல் 12.20க்கு அதை எடுத்தார்கள். எதற்கும் நேரம் குறித்துவைப்பவன் நான். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள்கூட என் டைரியில் இருக்கும். கட்டியை உப்புநீரில் போட்டு, பாட்டிலை நர்ஸ் என்னிடமே கொடுத்தார்.

“லேப் மூடியிருப்பாங்க சார். ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்து திங்கக்கிழமை குடுத்துடுங்க.”

மயிலாப்பூர் வீட்டில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன். “ரெண்டையும் மாத்தி எடுத்துடாதீங்க” என்று சிரித்தாள் அவள். திங்கள் காலை 9.10க்கு அடையாறு லேபில் ஒப்படைத்தேன்.

வியர்வைச் சுரப்பியில் வரும் அபூர்வமான புற்றுநோய் என்றது ரிப்போர்ட். ஸ்கேனில் மார்பகம் சுத்தமாக இருந்தது. நுரையீரலில் இரண்டு புள்ளிகள். இந்த வகையில் சிலருக்கு, மார்பகப் புற்றுநோயைப் போலவே, செல்களில் ஹார்மோன் ரிசப்டர் இருக்கும் என்றார் புற்றுநோய் மருத்துவர். இருந்தால் தினம் ஒரு மாத்திரையிலேயே நோயைப் பிடித்துவைக்கப் பார்க்கலாம். இல்லையென்றால் கீமோ, அதற்கும் இது அவ்வளவாகக் கட்டுப்படாது.

ரிசப்டர் நெகட்டிவ் என்று வந்தது.

இரண்டு நாள் கழித்து லேப் டாக்டரம்மாவே போன் செய்தார். “சார், ரிசப்டரைக் காட்டற சாயம், பக்கத்துல இருக்கற நல்ல சுரப்பியிலயும் ஏறலை. அதுல ஏறியிருக்கணும். கட்டி எப்ப ஃபார்மலினுக்குப் போச்சுன்னு தெரியுமா?”

தெரியும். என்னைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. நாற்பத்து நான்கு மணி ஐம்பது நிமிடம் என்றேன். அதற்குள் ரிசப்டர் இருந்திருந்தாலும் அழிந்திருக்கும், இந்த நெகட்டிவை நம்ப முடியாது என்றார். உலகத்தில் உள்ளதையெல்லாம் படிப்பவன், வெட்டியெடுத்த சதையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினைப் பற்றி ஒரு வரி படித்திருக்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன். “அப்ப மாத்திரைக்கு இன்னும் சான்ஸ் இருக்குல்ல? அதுக்கு ஏன் மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க?” என்றாள்.

வெட்டிய இடத்தின் ஓரத்தில் கட்டி கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடையாறில் ஒரு மருத்துவமனையில், ஆறாத புண்ணில் மறுபடி கத்தி வைத்தார்கள். துண்டு வெளியே வந்த அடுத்த நிமிடமே ஃபார்மலினுக்குள் போனது என்று டாக்டர் சொன்னார், அதையும் குறித்துக்கொண்டேன். வீடு திரும்பும் ஆட்டோவில், ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் பல்லைக் கடித்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. இந்த முறை நல்ல சுரப்பிகளில் சாயம் நன்றாக ஏறியிருந்தது. கட்டியில் ஏறவில்லை.

அப்படியானால் முதல் முடிவும் சரிதான். நான் எதையும் கெடுத்துவிடவில்லை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் எனக்கு வந்தது நிம்மதி. எவ்வளவு நேரம் இருந்தது என்று குறிக்கவில்லை. நிமிர்ந்தபோது அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

“பாசிட்டிவா?” என்றாள்.