மூக்கு மெக்கானிக்கும் டீச்சரின் பழைய பிக்கப்பும்

என் பெரியப்பாவை எல்லோரும் மூக்கு மெக்கானிக் என்றுதான் சொல்வார்கள். மூக்கு ஒன்றும் அவ்வளவு பெரிதில்லை. சொல்லப்போனால் அந்த அகலமான முகத்துக்கு அது கொஞ்சம் போதாது. ஆனால் வண்டி வந்து நின்றதும் சைலன்சர் பக்கம் குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். ஆயில் எரிகிறது என்பார், அல்லது பெட்ரோல் முழுசாக எரியாமல் வெளியே போகிறது என்பார். பானெட்டைத் திறந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்தான் பட்டறை. கீழ்வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும், மாடியில் நானும் அம்மாவும். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே, மாடியில் வெங்காயம் கருகுகிறது என்று அம்மாவுக்குக் குரல் கொடுப்பார். "உங்க பெரியப்பாவுக்குத் தெரியாம ஒரு அப்பளம் கூடப் பொரிக்க முடியாது" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அதில் பாதி பெருமை.

அப்படிப்பட்டவருக்கு ஐந்து நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

மூக்கடைப்பு என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். ஆவி பிடித்தார், சொட்டு மருந்து விட்டார். இரண்டு மாதம் கழித்து, ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போவதாகப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு டாக்டரைப் போய்ப் பார்த்தார். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பெரியப்பா காத்திருந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. "பேர்லயே மூக்கை வச்சுக்கிட்டு, அது போயிடுச்சுன்னு எந்த வாயால சொல்றது?" என்று பின்னால் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

வேலையில் குறை வைத்தார் என்று சொல்ல முடியாது. மூக்கு இல்லாவிட்டால் என்ன, காது இருந்தது, விரல் இருந்தது, முப்பது வருஷ அனுபவம் இருந்தது. பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார். வேக்குவம் மீட்டரை மாட்டி முள்ளைப் பார்ப்பார். முன்பு ஐந்து நிமிஷத்தில் சொன்னதை இப்போது முக்கால் மணி நேரத்தில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் ஆட்கள் எதிர்பார்த்தார்கள் என்பதற்காக, வண்டி வந்ததும் சைலன்சர் பக்கம் குனிந்து மூச்சு இழுப்பதை மட்டும் அவர் விடவில்லை. அந்தக் குனிதல்தான் அவரை மாட்டிவிட்டது.

டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. இப்போது தேனீ வளர்க்கிறார். பழத்தோட்டங்களில் பூப்பூக்கும் காலத்தில் தேனீப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவார். அதற்கென்று அவர் வைத்திருந்த பிக்கப்புக்கு என்னைவிட வயது அதிகம். ஒரு காலத்தில் பச்சை நிறமாக இருந்திருக்க வேண்டும். ஓட்டுநர் பக்கத்துக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பிடியை இழுத்துத்தான் இறங்குவார். வண்டியை 'அவன்' என்பார். "அவன் படிக்கிற பிள்ளைதான், கொஞ்சம் சோம்பேறி."

ஒருநாள் அவனுடைய குறைகளை ஒரு தாளில் எண் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். ஒன்று, சிக்னலில் நிற்கும்போது குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்குகிறான். இரண்டு, பிரேக் மிதி கல் மாதிரி இருக்கிறது. மூன்று, தூரப் பயணம் போய் வந்தால் தனக்குத் தலை வலிக்கிறது.

முதல் இரண்டுக்கும் ஒரே காரணம்தான். எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கும் வேகத்தில் உண்டாகும் வேக்குவத்தைச் சின்னச் சின்ன ரப்பர் குழாய்கள் வழியாக எடுத்துத்தான் பிரேக்குக்குத் துணைபலம் கொடுக்கிறார்கள். குழாயில் எங்காவது வெடிப்பு விட்டால் வேண்டாத காற்று உள்ளே நுழையும். எஞ்சின் தடுமாறும், பிரேக்குக்குப் போகும் பலமும் குறையும். மீட்டரில் முள் பதின்மூன்றில் நின்று ஆடியது. பெரியப்பா ஒவ்வொரு குழாயாக விரலால் நசுக்கிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நசுக்கியதும் நடுக்கம் சட்டென்று நின்றது. குழாயை வளைத்துக் காட்டினார். அடிப்பக்கத்தில் வெயிலில் காய்ந்த உதடு மாதிரி வெடிப்பு. புதுக்குழாய் போட்டதும் முள் பத்தொன்பதில் போய் அசையாமல் நின்றது.

மூன்றாவதற்கு, தலையை வண்டிக்குள் நீட்டி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். "உள்ள புகை நாற்றம் எதுவும் இல்லை டீச்சர். வெயில்ல அலையறீங்க, அதான் தலைவலி" என்றார். டீச்சர் மூன்றையும் டிக் அடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் மழை. டீச்சர் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிக்கொண்டு, ஆறு பெட்டிகளோடு தோட்டத்துக்குக் கிளம்பியிருக்கிறார். முக்கால் மணி நேரம் ஓட்டியபின் குமட்டியது. எதிரே வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. சமாளித்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்காமல் ஓரம் கட்டினார். இறங்க வேண்டுமென்றால் கண்ணாடியை இறக்கியாக வேண்டுமே, அதுதான் நல்லதாகப் போயிற்று. மழையில் ஒரு கல் மேல் உட்கார்ந்திருந்தவரை டிராக்டர்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். அவரே பிக்கப்பின் கண்ணாடிகளைத் திறந்துபோட்டு, டீச்சரை ஏற்றிக்கொண்டு, நேராக எங்கள் பட்டறைக்கு ஓட்டி வந்தார்.

டீச்சர் சண்டை போடவில்லை. ஈரப் புடவையோடு ஸ்டூலில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். கடைசியில், "நீங்க புகை இல்லைன்னு சொன்னீங்களா, அந்தத் தைரியத்துலதான் கண்ணாடியை ஏத்தினேன்" என்றார்.

பெரியப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. வண்டிச் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, டீச்சரை உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லி என்னை அனுப்பினார். அங்கே ஆக்ஸிஜன் வைத்தார்கள். புகைதான் காரணம், இன்னும் பத்து நிமிஷம் ஓட்டியிருந்தால் விஷயம் வேறு என்றார் டாக்டர்.

டீச்சரை அவர் வீட்டில் விட்டுவிட்டு நான் திரும்பி வந்தபோது மதியம் மூன்று மணி. சாப்பாட்டு மேஜையில் பெரியப்பாவின் தட்டு தொடாமல் கிடந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டு, பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"எனக்கு வாசனை தெரியலை. காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியலை."

"தெரியும்" என்றாள் பெரியம்மா.

"எப்படி?"

"பால் கருகி வீடெல்லாம் புகை. நீங்க அடுப்புக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க."

"அது நடந்து ஏழு மாசம் ஆகுது. ஏன் கேட்கலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போனேன்னு சொல்லி மருந்துச் சீட்டோட வந்தீங்க. அப்பவும் சொல்வீங்கன்னுதான் இருந்தேன்." தட்டை எடுத்து மூடி வைத்தாள். "என்கிட்ட மறைச்சதை விடுங்க. டீச்சர்கிட்ட மறைச்சிருக்கக் கூடாது."

பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார். அவ்வளவு பெரிய மனுஷர் அந்த நாற்காலியில் சின்னதாகத் தெரிந்தார். பெரியம்மா தட்டைத் திறந்து, தானே பிசைந்து, அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் காலை சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். வண்டியை வேறு யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாராம்: "தெரியலைன்னு எழுதற பிள்ளையை நான் அடிச்சதே இல்லை. தெரியாததைத் தெரியும்னு எழுதினாத்தான் கோபம் வரும். வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும், சரி பண்ணுங்க."

வந்ததும் வராததுமாகப் பெரியம்மாவின் வேக்குவம் கிளீனரைக் கேட்டார்.

அது சிவப்பு நிறம். பெரியம்மா அதற்குத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். அதை வைத்து வீட்டைச் சுத்தம் செய்ததைவிட, அதைச் சுத்தம் செய்து வைத்ததுதான் அதிகம். அதைக் கொண்டுபோய்க் கரி பிடித்த சைலன்சரில் சொருகப் போகிறேன் என்றால் எந்தப் பெண்மணி கொடுப்பாள்? பெரியப்பா பொறுமையாக விளக்கினார். எஞ்சின் சூடாக இருக்கும்போது அடியில் கைவிட முடியாது. அதனால் எஞ்சினை ஆறவிட்டு, கிளீனர் காற்றை வெளியே தள்ளும் பக்கத்தில் குழாயை மாட்டி, சைலன்சர் வாய் வழியாக ஊத வேண்டும். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும்.

"சரி, ஆனா நானும் வருவேன்" என்றாள் பெரியம்மா.

சைலன்சர் வாயைச் சுற்றிப் பழந்துணி அடைத்து கிளீனரை ஓடவிட்டார்கள். பெரியப்பா வண்டிக்கு அடியில் படுத்துப் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவினார். பெரியம்மா புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு பானெட்டுப் பக்கம் டார்ச் அடித்தாள். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு பெரியம்மாதான் பார்த்தாள்.

"இங்க வந்து பாருங்க. பச்சைக் குழந்தை எச்சில் நுரை விடற மாதிரி விடுது."

எஞ்சினிலிருந்து புகை இறங்கும் மேனிஃபோல்டும் சைலன்சர் குழாயும் சேரும் இடம். நடுவில் இருக்க வேண்டிய கேஸ்கெட் பாதி எரிந்து போயிருந்தது. குழாயின் மேல்பக்கத்திலும், சூட்டைத் தடுக்கும் தகட்டுக்குப் பின்னால், விரல்நீள விரிசல் ஒன்று. கசிந்த புகை எப்படி உள்ளே வந்தது என்பதையும் தேடினார். கேபிள் போகும் துளையைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் உதிர்ந்து, ஓட்டுநரின் காலடியில் நேராக ஒரு வாசல் திறந்திருந்தது.

கேஸ்கெட் மாற்றினார், குழாயைப் பற்றவைத்தார், துளைக்குப் புது ரப்பர் போட்டார். திரும்பவும் ஊதிப் பார்த்ததில் ஒரு குமிழி கூட இல்லை. ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. புகையில் இருக்கும் நிஜமான விஷத்துக்கு வாசனையே கிடையாது, நல்ல மூக்குள்ளவனையும் அது ஏமாற்றும் என்று சொல்லி, கார்பன் மோனாக்சைடு அளவு காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி வந்தார். டீச்சரை வரவழைத்தார். தான் கருவியோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றி, முற்றத்தில் எஞ்சினை ஓடவிட்டு இருபது நிமிஷம் பார்ப்பதாக ஏற்பாடு.

பெரியம்மா மறுபக்கம் போய் ஏறி உட்கார்ந்தாள். கருவி போதும், இறங்கு என்றார் பெரியப்பா. "கருவிக்கு மூக்கு இருக்கா?" என்றாள் அவள். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார், பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரி. மூடிய கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேரும் ஏதோ வாக்குவாதம் செய்வது தெரிந்தது. ஒரு கட்டத்தில் பெரியம்மா சிரித்தாள். இருபது நிமிஷமும் கருவியில் எண் பூஜ்யத்துக்கு மேல் ஏறவில்லை. வேர்க்க விறுவிறுக்க இறங்கிய பெரியம்மா தன் பங்குக்கு அறிக்கை கொடுத்தாள்: "புகை இல்லை. தேன்மெழுகு வாசனைதான் அடிக்குது."

கருவியை டீச்சர் தன் டாஷ்போர்டிலேயே ஒட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பெரியப்பா யாரிடமும் மறைக்கவில்லை. வருகிறவர்களிடம் முதல் வேலையாகச் சொல்லிவிடுவார். ஒன்றிரண்டு பேர் வேறு பட்டறைக்குப் போனார்கள். மற்றவர்கள், மூக்கு மெக்கானிக்குக்கே மூக்கில்லையா என்று சிரித்துவிட்டு, சாவியை அவர் கையிலேயே கொடுத்தார்கள்.

பெரியம்மா காலையில் இரண்டு மணி நேரம் பட்டறைக்கு வர ஆரம்பித்தாள். கூலன்ட், கிளட்ச் என்று சொல்லத் தெரியாது அவளுக்கு. "சர்க்கரைப் பாகு காய்ச்சற வாசனை" என்பாள். "மழைக்கோட்டை இஸ்திரிப் பெட்டியால தேய்ச்ச மாதிரி" என்பாள். பெரியப்பா யோசித்து, பாகு என்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிகிறது, மழைக்கோட்டு என்றால் ஒயர் உருகுகிறது என்று கண்டுபிடித்து வைத்துக்கொண்டார். "அழுகின முட்டை"க்கு மட்டும் இரண்டு நாள் சண்டை நடந்தது. பேட்டரி என்றார் அவர், சைலன்சர் என்றாள் அவள். இரண்டிலும் கோளாறு இருந்தது.

போன மாதம் பெரியம்மாவுக்கு ஜலதோஷம். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உள்ளே படுத்திருந்தாள். வேன்காரர் ஒருவர் வந்து, உள்ளே என்னமோ நாறுகிறது, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"இன்னைக்கு மூக்குக்கு உடம்பு சரியில்லை. வியாழக்கிழமை வாங்க" என்றார். சொல்லிவிட்டு, வெந்நீர் வைக்க உள்ளே போனார்.