கதவைத் திறக்கச் சொன்ன பாட்டு

போன வாரம் நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணம். பாயசம் பரிமாறும்போது மேடையில் நாலு பையன்கள் கிடாரும் டிரம்ஸுமாக அம்மா அப்பாவின் பெருமையை அலறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ராக் பாட்டில் இந்த மாதிரி நன்றிக்கெல்லாம் இடமே கிடையாது.

தொண்ணூறுகளில் பெருங்கடவிளையில் நாங்கள் மூன்று பேர் ஒரு ராக் குழு. பயிற்சி எங்கள் வீட்டு ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட்டில். ரப்பர்பால் புளித்த நாற்றத்தில் ஒரு மணிநேரம் நின்றால் யாருக்கும் புரட்சி வந்துவிடும். குடும்பம் ஒரு சிறை, அப்பா அதன் வார்டன் என்பது பாட்டின் கருத்து. அதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தச் சிறையிலிருந்து அம்மா அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவருவாள். தின்றுவிட்டுத் தொடர்வோம். விடியுமுன் ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்த வார்டன் பக்கத்து அறையில் தூங்க முயன்றுகொண்டிருப்பார்.

வரிகள் இருந்தன, ஆவேசம் இருந்தது, மெட்டுதான் வரவில்லை. தங்கை ஷீபா ஷீட் அடிக்கும் மெஷினின் கைப்பிடியைச் சுற்றியபடி நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள், "அண்ணா, இப்பிடிக் கூவாண்டாம். நான் ஒண்ணு பாடட்டா?" என்றாள். "கதவைத் திற" என்ற பல்லவியைத் தாழத் தொடங்கி மேலே கொண்டுபோனாள். டிரம்ஸ் அடிக்கும் சாபு குச்சியைக் கீழே வைத்துவிட்டான். இவளுக்கு உண்மையாகவே வெளியே போகவேண்டியிருக்கிறது என்று எனக்கே உறைத்தது. உறைத்ததோடு சரி.

ஓணத்துக்குக் கிளப் ஆண்டுவிழா. தானும் மேடையில் பாட வேண்டும் என்று அவள் அப்பாவிடம் கேட்டாள். வார்டன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அவ பாடினா கேக்க நல்லா உண்டு. பாடட்டு."

அப்பாவை எதிர்க்கத் தயாராக நின்ற எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

"அது செரியாவாது. நாட்டாரு என்ன சொல்லும்?" இப்படிக் கேட்டது நான், புரட்சிப் பாட்டின் ஆசிரியர்.

"உனக்க பாட்டுதானே அண்ணா இது?" என்று கேட்டுவிட்டு ஷீபா மிச்ச ஷீட்டை அடிக்கப் போனாள்.

விழா மேடையில் அவள் மெட்டை நாங்கள் மூவரும் மூன்று சுருதியில் பாடினோம். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கைதட்டினாள். அடுத்த வருடம் கட்டிக்கொடுத்தோம். கதவைத் திறந்துவிட்டோம் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது ஷெட் இல்லை, ரப்பர் மரங்களும் இல்லை. சாபு வளைகுடாவில் இருக்கிறான், அவனுக்குப் பல்லவியே ஞாபகமில்லை. எனக்கு வெறும் வரிகள்தான் மிச்சம். கல்யாணத்திலிருந்து வந்ததும் ஷீபாவுக்குப் போன் போட்டு, அந்த மெட்டை ஒருமுறை பாடச் சொன்னேன்.

"அது மறந்துபோச்சு அண்ணா," என்றாள்.

ஆறாம் வகுப்பில் நான் வாங்கிய அடியைக்கூடக் கிழமையோடு சொல்பவள் அவள். மறந்திருக்காது. எனக்குப் பாடமாட்டாள், அவ்வளவுதான்.